வேறு கை படாத குஞ்சுகள்

கங்கையாவிடம் யாராவது ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினால், முதலில் கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பான். அப்புறம் சொம்பின் அடியைப் பார்ப்பான். கடைசியில்தான் தாகம் ஞாபகத்துக்கு வரும். நகரிக்குப் பக்கத்துக் காலனியில் அவனைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்வார்கள். காளஹஸ்தி கோயிலுக்குப் போனால் செருப்பு இரண்டையும் ஒரே இடத்தில் விடமாட்டான். ஒன்றைத் தேங்காய்க் கடை ஓரத்தில் விடுவான், மற்றதைத் தூரத்து மரத்தடியில் விடுவான். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் எடுப்பான் என்பது அவன் கணக்கு. ஒரு தடவை இரண்டாவதை எந்த மரத்தடியில் விட்டோம் என்று மறந்துபோய், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் புழுதியுமாக பஸ் ஏறி வந்தான். அதற்கும் தேங்காய்க் கடைக்காரனைத்தான் சந்தேகப்பட்டான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவனுக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒரு மேஸ்திரி வந்து, "ஒரு மாசந்தான், சூளை வேலை" என்று சொல்லி அந்தக் குடும்பத்தையே லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. போகும்போது ஐந்து பேர், வரும்போது நான்கு பேர். தங்கச்சியை அங்கேயே புதைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு யாராவது சிரித்துக்கொண்டு வந்து 'இத்தனை நாள்தான்' என்று சொன்னால் கங்கையா அந்த இடத்தில் நிற்கமாட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவனோடு குடித்தனம் செய்தவள் நான் அல்ல, பொன்னியம்மாள்.

பொன்னியம்மாள் அதிகம் பேசாதவள். கூலி வேலை, நாலைந்து நாட்டுக்கோழி, திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்பு படிக்கும் மகள் கல்பனா, இவ்வளவுதான் அவள் உலகம். கங்கையா விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்தான். வருஷம் தொண்ணூற்றொன்பது. அந்தப் பக்கத்திலிருந்து ஆண்கள் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதையும் தாண்டிக் குவைத்துக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அரபிக்காரர் வீட்டில் சமையல், துணி துவைத்தல், பிள்ளை பார்த்தல். பொன்னியம்மாளின் அண்ணன் செங்கல்வராயன் அரிசி மில்லில் வேலை செய்பவன். அவன் பெண்டாட்டி போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. அவன் வீட்டுக் கூரை ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியிருந்தது. பெண்டாட்டியின் குரல் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை கேசட்டில் வரும்.

அந்த செங்கல்வராயன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரண்குமார் என்ற ஏஜென்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. வந்தவன் தெலுங்கும் தமிழும் கலந்து மரியாதையாகப் பேசினான்.

"ரெண்டு வருஷந்தான் பாவா," என்றான் செங்கல்வராயன் கங்கையாவிடம். "கல்பனா படிப்பு முடியறதுக்கும் இது திரும்பி வர்றதுக்கும் சரியா இருக்கும்."

'வருஷந்தான்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கங்கையா எழுந்து வெளியே போய்விட்டான். ஏஜென்ட் போன பிறகுதான் உள்ளே வந்தான். பொன்னியம்மாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"போனா தேவலன்னு தோணுது. உனுக்கு இஷ்டமில்லன்னா இங்க வேற இன்னா வழின்னு நீ சொல்லு."

வேறு வழியை அவன் பத்து நாளில் கண்டுபிடித்தான். திருத்தணியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பிரியாணிக் கடைப் பலகையில் கோழிக்குப் பக்கத்தில் காடை என்று புதிதாக எழுதியிருந்தது. கடைக்காரனைக் கேட்டான். எத்தனை கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வதாக அவன் சொன்னான். ஏன் அப்படிச் சொல்கிறான் என்று கங்கையா மூன்று நாள் யோசித்தான். நான்காம் நாள் காடை வளர்ப்பைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்து, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"ஏம்மே, குஞ்சு வந்த நாள்லருந்து முப்பத்தஞ்சி நாளு. அதுக்குள்ள விக்கற பருவம் வந்துடும். அது நின்னுச்சின்னா நீ குவைத் போவாத. நிக்கலன்னா போ. நான் தடுக்கமாட்டேன்."

"சரி," என்றாள் பொன்னியம்மாள். ஏஜென்டிடமும் அப்படியே சொல்லியனுப்பினாள். விசா அதுவரை தாங்கும் என்று பதில் வந்தது. அதற்குள் போட்டோவும் காகிதமும் மட்டும் தயார் செய்து வைக்கலாம் என்றான் அவன்.

குஞ்சு வாங்க கங்கையா தனியாகத்தான் போனான். திருவள்ளூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து, அன்று பொரித்த முந்நூறு குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில் அடைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் கட்டை விரல் பருமன், பழுப்பில் கறுப்புக் கோடு. ரயிலில் பெட்டிகளை மடியை விட்டு இறக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆள் உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "பல்பு" என்றான். பெட்டிகள் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டே வந்தன. அந்த ஆள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் பழைய ஆட்டுக்கொட்டகை இருந்தது. குஞ்சு வாங்கப் போகுமுன்பே அதைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, கதவு வைத்து, கதவுக்குப் பூட்டும் வாங்கியிருந்தான். ஒரு சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான், மற்றதைத் தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஒளித்து வைத்தான். குஞ்சுக்குச் சூடு கொடுக்க நான்கு பல்பு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல், இல்லாவிட்டால் அந்தப் பொடிசுகள் தட்டிலேயே விழுந்து மூழ்கிவிடுமாம். எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்தபடி. தரை மட்டும்தான் பாக்கி. அதில் நெல் உமியை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, முதல் மூன்று நாளைக்கு மேலே சொரசொரப்பான காகிதம் விரிக்கச் சொல்லியிருந்தது.

"உமியா?" என்றாள் பொன்னியம்மாள். "அண்ணன் மில்லுல மலையாட்டம் கொட்டிக் கெடக்குது. சொன்னா ரெண்டு மூட்டை இப்பவே குடுத்து அனுப்புது."

கங்கையாவுக்கு மூக்கில் வேர்த்தது. குஞ்சு நிற்கக்கூடாது என்று நினைக்கிற ஒரே ஆள் இந்த ஊரில் செங்கல்வராயன்தான். ஏஜென்டைக் கூட்டிவந்தவனே அவன்தானே? மில்லில் எலிக்கு மருந்து வைப்பார்கள். உமியோடு ஒரு பிடி கலந்தால் யாருக்குத் தெரியும்?

"வாணாம். என் படுக்கைய நானே கொண்டாறேன்," என்றான்.

நகரிப் பக்கம் விசைத்தறிக் கழிவு நூல் இல்லாத வீடு கிடையாது. தறி துப்பும் நூல் துண்டு, பாவில் அறுந்த சிக்கு, கரை வெட்டிய குஞ்சம் எல்லாம் மூட்டை மூட்டையாகச் சேரும். சைக்கிள் துடைப்பது அதில்தான், தலையணை அடைப்பது அதில்தான், அடுப்பு பற்றவைப்பதும் அதில்தான். சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்து பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். கங்கையா தன் தறிக்குக் கீழே விழுந்ததைத் தானே கூட்டி, தானே மூட்டை கட்டி, தானே சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து கொட்டகையில் பரப்பினான். உமி குத்தும். இது குத்தாது, சூடும் தாங்கும். புத்தகம் எழுதியவன் நகரியைப் பார்த்திருக்கமாட்டான் என்று அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மேலே காகிதம் விரித்து, குஞ்சுகள் வந்ததும் அதில் இறக்கினான்.

"நானும் ஒரு கை பாக்கறேன். எத்தினி வருஷமா கோழி வளக்கறேன்," என்றாள் பொன்னியம்மாள் கதவுக்கு வெளியிலிருந்து.

"வேற கை படவாணாம்."

அவள் போய்விட்டாள்.

முதல் மூன்று நாளில் நான்கு குஞ்சுகள் செத்தன. அது இயற்கை என்று புத்தகமே சொன்னது. நான்காம் நாள் காலை காகிதத்தை உருவி எடுத்தான். குஞ்சுகள் மெத்து மெத்தென்று நூலில் ஓடின, கொத்தின, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் கிரண்குமார் வந்து பொன்னியம்மாளை நகரிக்கு அழைத்துப் போய் போட்டோ எடுத்துக்கொடுத்தான். போகிற வழியில் வலைக்கு அருகே நின்று, "பாக உன்னாயி" என்று குஞ்சுகளைப் பாராட்டிவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது செத்துக் கிடந்தன. ஆறாம் நாள் பதினான்கு. ஏழாம் நாள் இருபத்திரண்டு.

கங்கையா முதலில் தீவனக் கடைக்காரனைச் சந்தேகப்பட்டான். தீவனத்தில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தான். அப்புறம் வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு வாசலில் உட்கார்ந்து காத்திருந்தான். வயிறு கொஞ்சம் பொருமியதே தவிர உயிர் போகவில்லை. தண்ணீரைச் சந்தேகப்பட்டான். அதையும் குடித்துப் பார்த்தான். பண்ணைக்காரன் நோஞ்சான் குஞ்சாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தான். அப்படியானால் முதல் மூன்று நாள் எப்படி நன்றாக இருந்தன? ஏஜென்ட் வந்துபோன மறுநாளிலிருந்துதானே சாகின்றன? அந்த இடத்துக்கு வந்ததும் அவன் மனசு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மற்ற சந்தேகமெல்லாம் கரைந்துபோய் இது ஒன்றே பெரிதாகிக்கொண்டு வந்தது.

எட்டாம் நாள் காலை செத்த குஞ்சுகளைப் பொறுக்கும்போது ஒன்றைக் கையில் எடுத்தவன் அப்படியே கீழே போட்டுவிட்டான். அதன் இரண்டு காலும் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டப்பட்டிருந்தது. சும்மா சிக்கிய மாதிரி இல்லை, நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தது. மனிதக் கை இல்லாமல் கட்டு எப்படி விழும்? செய்வினை வைப்பவர்கள் காலைக் கட்டித்தான் போடுவார்கள் என்று அவன் சின்ன வயதில் கேட்டிருக்கிறான்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. இடுப்பில் இருக்கும் சாவியை, வைத்திருப்பவனுக்குத் தெரியாமல் எடுக்கக்கூடியவர் உலகத்தில் எத்தனை பேர்? யோசிக்க யோசிக்க அவனுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தை நினைக்க அவனுக்கே பயமாக இருந்தது. அவள் போன வாரம் கல்பனாவைப் பார்க்கத் திருப்பதிக்குப் போனவள், கங்கம்மா கோயிலில் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்குள் போய் அவள் கையைப் பார்த்தான். வெறும் கை.

"கயிறு எங்க?"

"பாத்திரம் தேய்க்கறப்ப அறுந்துடுச்சி. இன்னாத்துக்கு?"

"ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோழிக்குத் தவிடு கரைத்தால் எதைக் கரைக்கிறாள் என்று பார்த்தான். அவள் கொட்டகைப் பக்கம் நடந்தால் எத்தனை அடி நடக்கிறாள் என்று பார்த்தான். அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் எதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று யோசித்தான். இருபது வருஷம் பக்கத்தில் படுத்தவளை ஒருநாள் திடீரென்று அடுத்த வீட்டுக்காரியைப் போலப் பார்க்க நேர்ந்தால் ஒரு மனிதனுக்கு எவ்வளவு வேதனையாக இருக்குமோ, அவ்வளவு வேதனையாகத்தான் இருந்தது அவனுக்கு. ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

அன்றே வேலைக்குப் போகுமுன் அடுப்புச் சாம்பலைச் சலித்து, கொட்டகையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவிவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தான். மேற்குப் பக்கம் சாம்பலில் பாதச் சுவடு. வலது கால் சுண்டுவிரல் சற்று விலகிய சுவடு. அது யாருடையது என்று அவன் யாரையும் கேட்கவேண்டியதில்லை. சுவடுக்கு நேர் மேலே, வலையில் அவன் கட்டாத ஒரு கோணிச் சாக்கு கட்டியிருந்தது.

பொன்னியம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டாய்கிட்ட எதுக்குப் போன?"

"மேற்கால காத்து அடிச்சிக்கினு இருந்திச்சி. குஞ்சுங்க எல்லாம் ஒரு மூலையில போய் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கினு நின்னுதுங்க. சாக்க எடுத்துக் கட்டனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. வந்துட்டேன்."

"நீதான் சாவடிக்கற," என்றான் கங்கையா. குரலை உயர்த்தவில்லை. "குஞ்சு செத்தா நீ குவைத் போலாம். அதுக்குத்தான் கால கட்டிப் போடற."

முறம் நின்றது. அவள் அதைத் தரையில் வைத்தாள்.

"இன்னொரு தபா சொல்லு."

அவன் சொன்னான். இரண்டாம் தடவை சொல்லும்போது அவன் காதுக்கே அது கொஞ்சம் கோணலாகத்தான் கேட்டது. ஆனால் வாயிலிருந்து வந்ததை விழுங்க முடியாது.

பொன்னியம்மாள் அழவில்லை. சண்டை போடவில்லை. அழுதிருந்தால் அவன் அதை நடிப்பு என்று நினைத்திருப்பான். சண்டை போட்டிருந்தால் குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்திருப்பான். அவனோடு குடித்தனம் செய்தவளுக்கு இதெல்லாம் தெரியாதா? அவள் எழுந்து போய், அவன் ஒரு ஓரமாகப் போட்டு வைத்திருந்த செத்த குஞ்சுகளில் கால் கட்டியதையும் சேர்த்து நான்கை எடுத்து வாழை இலையில் சுற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"காலைல பசு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போ. அறுத்துப் பாக்கச் சொல்லு. நான் கொன்னேன்னு அந்த டாக்டரம்மா சொன்னா, என்னைக் கொண்டுபோய் டேசன்ல வுடு."

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு கங்கையா போனான். அன்று செத்ததில் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். கால்நடை டாக்டர் பிரேமலதா கர்நூல் பக்கத்துப் பெண். வந்து ஒரு வருஷத்தில் தமிழை ஓரளவு பிடித்துக்கொண்டவள். காலையிலிருந்து மாடுகளும் ஆடுகளும் வரிசையில் நின்றன. கங்கையாவின் முறை வந்தபோது அவன் இலையைப் பிரித்துவிட்டு முதல் வார்த்தையாக, "விஷம் வெச்சிட்டாங்கம்மா" என்றான்.

"யாரு வெச்சது?"

"அத நீங்க சொல்லுங்க."

டாக்டர் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டாள். சின்னக் கத்தரியால் முதல் குஞ்சின் கழுத்துக்குக் கீழே கீறினாள். இரைப்பையைத் திறந்து இடுக்கியால் எதையோ பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. ஈரமாக, உருண்டையாக, சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக. இரண்டாவதைத் திறந்தாள். அதிலும் அதே. மூன்றாவதில் அந்த உருண்டை குடல் வாயில் போய் அடைத்துக்கொண்டிருந்தது.

"இதி நூலு காதா?" என்றாள்.

கங்கையா குனிந்து பார்த்தான். "விஷம் எங்கம்மா?"

"விஷமும் லேது, ஒண்ணும் லேது. நூலைத் துன்னுட்டு, செரிக்காம, மேல ஒண்ணும் இறங்காம செத்திருக்குது. பொடிக் குஞ்சு எதைப் பார்த்தாலும் புழுன்னு நினைச்சிக் கொத்தும்." கால் கட்டிய குஞ்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது ஓடி ஓடித் தானே சுத்திக்கினது. கோழிக்குஞ்சு கால்ல தலைமுடி சுத்திக்கினு நிக்கறத நீ பாத்ததில்ல? கீழ இன்னா போட்டே?"

"கழிவு நூலு."

"உமி போடலையா?"

"இல்ல."

"எவரு போட்டாரு அந்த நூலை?"

"நான்தான்."

"உள்ள வேற யாராவது போறாங்களா?"

இந்தக் கேள்விக்கு எட்டு நாளாக அவனிடம் ஒரே பதில் இருந்தது. அதைத்தான் இப்போதும் சொன்னான். "வேற யாரு கையும் படலம்மா." சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. டாக்டர் உமி, மரத்தூள், மருந்து என்று ஏதேதோ சொல்லிச் சீட்டில் எழுதினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். ஒன்றும் காதில் ஏறவில்லை. பின்னால் நின்ற மாட்டுக்காரன் தோளைத் தொட்டு நகர்த்தினான்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே அரிசி மில் வரைக்கும் நடந்தான். செங்கல்வராயன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், கொஞ்சம் உமி வேணும்."

"ரெண்டு மூட்டை போதுமா பாவா?" என்றான் அவன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தானே அள்ளி நிரப்பி, தானே சைக்கிளில் வைத்துக் கட்டிவிட்டான். வழியில் ஆள் இல்லாத இடத்தில் கங்கையா சைக்கிளை நிறுத்தி, மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான். உமிதான். பிறவிக் குணம் ஒரே நாளில் போய்விடுமா என்ன.

வீட்டுக்கு வந்து கொட்டகையைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தாமல் விட்டான். நூலை எல்லாம் வாரி வெளியே போட்டான். உமி பரப்பினான். பொன்னியம்மாள் கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று பார்த்தாள். டாக்டர் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. வெளியே குவிந்த நூலைப் பார்த்தாள், உமியைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. உள்ளே போய் ஒரு பிளேடும் ஊசியும் எடுத்துவந்து கொட்டகைக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, காலில் சுற்றியிருந்த நூலை ஊசியால் தூக்கி பிளேடால் அறுத்தாள். சிலவற்றின் விரல் வீங்கிக் கறுத்திருந்தது. அதற்கு மஞ்சள் வைத்தாள். வெயில் சாய்கிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

கங்கையா பிடித்துப் பிடித்துக் கொடுத்தான். சொல்ல வேண்டியதை எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. 'தப்பாச் சொல்லிட்டேன்' என்று ஒரு வார்த்தைதான். வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிற்று. கடைசியில் இரண்டாவது சாவியைத் தேடி எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

"நீயும் வந்து பாத்துக்க," என்றான்.

"சரி," என்றாள். சாவியை எடுத்துப் போய் மாடத்தில் வைத்தாள்.

பத்தாம் நாள் ஆறு செத்தன. பதினோராம் நாள் இரண்டு. அதோடு நின்றது. மீதி இருநூற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அவை ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியவே வளர்ந்தன. இறகு வந்தது, குரல் மாறியது, மார்பு திரண்டது. பொன்னியம்மாள் காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாள், ஈர உமியை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் போட்டாள். கங்கையா கூடவே நின்றான். அந்த நாட்களில் அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே காலனியில் சொல்லிவிடலாம். தறிக் கொட்டகையில் யாரோ டீ வாங்கிக் கொடுத்ததை, முகத்தைப் பார்க்காமலே குடித்தானாம். முப்பத்தைந்து நாள் நின்றுவிட்டால் அவள் போகமாட்டாள். அவளே சரி என்று சொன்ன ஒப்பந்தம். இனி எந்த ஏஜென்டும் ஒன்றும் செய்ய முடியாது.

முப்பத்தைந்தாம் நாள் காலை திருத்தணிக் கடைக்காரன் வேனில் கூண்டுகளோடு வந்தான். ஒரு காடையைக் கையில் தூக்கி, மார்பை அழுத்திப் பார்த்து, "நல்லா வந்துக்கீது" என்றான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை ஐந்நூறாகப் போடச் சொல்லிவிட்டுப் போனான். வேன் திரும்பிப் போகிற வரைக்கும் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு, கங்கையா வேக வேகமாக வீட்டுக்குள் வந்தான்.

"ஏம்மே, அவனே சொல்லிட்டான். நின்னுடுச்சி. இனிமே அந்தக் குவைத் பேச்சே வாணாம்."

பொன்னியம்மாள் அடுப்பில் பால் வைத்திருந்தாள். அதை இறக்கி வைத்துவிட்டு, புடவை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து அண்ணன் வந்திச்சி. வரேன்னு சொல்லி அனுப்பிட்டேன். வர்ற வியாழக்கிழமை கெளம்பணும்."

கங்கையாவுக்கு ஒரு கணம் ஒன்றுமே புரியவில்லை. "நின்னா போவமாட்டேன்னு சொன்ன இல்ல?"

"நீதான் சொன்ன. நான் சரின்னேன். அப்ப சரிதான்." "குஞ்சுங்க எல்லாம் செத்துப் பூட்டிருந்தா நான் போயே இருக்கமாட்டேன், கல்பனா நைனா. போயிருந்தா, கொன்னுட்டுத்தான் போனான்னு ஆயிருக்கும். சாவற வரைக்கும் உம் மனசுல அதுதான் இருக்கும். அதனால, எவ்ளோ கஷ்டம் வந்தாலும் இங்கியே கெடக்கறதுன்னுதான் இருந்தேன். இப்ப பொழச்சிடுச்சிங்க. எங்கையில ஒண்ணுமில்லன்னு உனுக்கே தெரிஞ்சிபோச்சி. இப்ப நான் போலாம்."

"அதான் தெரிஞ்சிபோச்சே. அப்புறம் இன்னாத்துக்குப் போற?"

"நீ ரெண்டு தபா சொன்ன," என்றாள் பொன்னியம்மாள். "மொத தபா ஏதோ கோவம்னு நெனச்சேன். திரும்ப சொல்லுன்னதும் நிறுத்துவன்னு பாத்தேன். நீ நிறுத்தல. அன்னிலருந்து இந்த வூட்ல எனுக்கு மூச்சு முட்டுது. எங்கியாவது கொஞ்ச நாளு, என்னைப் பாத்துக்கினே இருக்கற கண்ணு இல்லாத எடத்துல இருந்துட்டு வரேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. சந்தைக்குப் போய் வருகிறேன் என்று சொல்கிற குரல்தான். கங்கையா அவளையே பார்த்தான். அண்ணன் சொல்லிக் கொடுத்திருப்பானோ, ஏஜென்ட் ஆசை காட்டியிருப்பானோ, வேறு ஏதாவது மறைக்கிறாளோ என்று, பழக்கமான எல்லா வழிகளிலும் அவன் மனசு ஓடிப் பார்த்தது. அவள் சொன்னதை வார்த்தை வார்த்தையாகத் திருப்பிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு பொய் அகப்பட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டாவது அவளை நிறுத்திவிடலாம்.

வெகுநேரம் தேடினான். ஒன்றுகூட அகப்படவில்லை.